லாகூர் போர்டு பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்: நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு மார்க் மட்டும் வரவில்லை

கேள்வி: கொழும்பு_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இலங்கையைச் சேர்ந்தவர்கள். கணவருக்கு லாகூரில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மகள் இங்கே ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு, மெட்ரிக் (ஒன்பது, பத்து வகுப்புகளின் பொதுத் தேர்வு) சயன்ஸ் குரூப், லாகூர் போர்டு (அரசுத் தேர்வு வாரியம்). கேம்பிரிட்ஜ் ஓ லெவல் பள்ளியின் கட்டணம் எங்களுக்குக் கட்டுபடியாகாது, அதனால்தான் மெட்ரிக்.

பிரச்சினை இங்கிலீஷில். கணக்கிலோ ஃபிஸிக்ஸிலோ என்றால்கூடப் புரிந்துகொள்வேன். இந்தப் பிள்ளை சிறு வயதிலிருந்தே இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாசிக்கிறவள். நான் பேசும்போது என்னையே திருத்துவாள். ஸென்ட்-அப் தேர்வில் (போர்டுத் தேர்வுக்கு முன் பள்ளியே வைப்பது) அவளுக்கு 75க்கு 44. மாடிவீட்டுப் பிள்ளை அதே வகுப்புதான், இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச மாட்டாள், அவளுக்கு 66. மகள் அன்று இரவு சாப்பிடவில்லை.

"என் பொழுதுபோக்கு" என்று கட்டுரை. படம் வரைவதைப் பற்றிச் சொந்தமாக, அழகாக எழுதியிருந்தாள். 15க்கு 6. பக்கத்தில் சிவப்பு மையில் "தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை" என்று மட்டும். டீச்சரைப் போய்க் கேட்டேன். "ரட்டா போடச் சொல்லுங்கள் பாஜி, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். ரட்டா என்றால் மனப்பாடம்தான், மகள் அதைச் செய்யவே மாட்டேன் என்கிறாள். உருதுவும் ஒரு தலையிடி: கடைத்தெருவில் சரளமாகப் பேசுவாள், வாசிக்க நேரம் எடுக்கும், எழுதினால் பிழை.

மார்ச்சில் போர்டுத் தேர்வு. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பிண்டி_ராஜா

அக்கா, ரொம்ப யோசிக்காதீர்கள். உருது பஜாரில் ஐந்து வருடப் பழைய பேப்பர் தொகுப்பு கிடைக்கும், கூடவே ஒரு கெஸ் பேப்பர் (வரக்கூடிய கேள்விகளை ஊகித்துப் போடுவது) வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரையில் நான்கைந்து, கவிதைச் சுருக்கம் எல்லாம் மனப்பாடம் செய்யட்டும். அவ்வளவுதான். நானும் அப்படித்தான் பாஸ் செய்தேன்.

பதில் 2: கராச்சி_வாத்தியார்

தம்பி சொன்னதில் பழைய பேப்பர் சரி. கெஸ் பேப்பரை நம்பி ஹாலுக்குள் போகிற பிள்ளைக்குக் கேட்டது வந்தால் பிரியாணி, வராவிட்டால் பட்டினி. அது வேண்டாம்.

தங்கச்சி, நான் பிறந்தது கராச்சியில், ஜின்னா ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற மதராஸி பாராவில். பஞ்சாபில் வேலை கிடைத்து, ஒன்பது பத்து வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுத்தே தலை நரைத்துவிட்டது. உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் அடிக்கடி வருவார்கள். இங்கிலீஷ் தெரியும் என்ற தைரியத்தில் பேப்பரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வருவார்கள். மாடிவீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் பேப்பர் தெரியும். இது இங்கிலீஷ் பேப்பர்தான், ஆனாலும் கேட்பது இங்கிலீஷை மட்டும் இல்லை.

பேட்டர்னைப் பாருங்கள். அப்ஜெக்டிவ் (சரியான விடைக்கு வட்டம் நிரப்பும் பகுதி) 19 மார்க், 20 நிமிடம். மீதி 56 மார்க்குக்கு இரண்டு மணி பத்து நிமிடம். அந்த 56ல் பாடத்திலிருந்து குறுவினா 10, பாடப் பத்திகளை உருதுவில் மொழிபெயர்க்க 8, கவிதைச் சுருக்கம் அல்லது விளக்கம் 5, கட்டுரை 15, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்ற 5, உருதுப் பத்தியை இங்கிலீஷாக்க 8, ஒலி ஒத்த சொல் ஜோடிகள் 5. இத்தனை வருடம் நான் நடத்தியது இதைத்தான். புத்தகம் மாறினால் ஸ்கீமும் மாறும், அதனால் இந்த வருட ஸ்கீமைப் பள்ளியில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எட்டும் எட்டும் பதினாறு. அந்தப் பதினாறு மார்க் உருது தெரிந்தவனுக்குத்தான். கட்டுரையையும் சேர்த்தால் 31. உங்கள் மகள் எங்கே விட்டாள் என்று கேள்வி வாரியாக எழுதி இங்கே போடுங்கள். மொத்த மார்க்கை வைத்துக்கொண்டு அழுவதில் பிரயோஜனம் இல்லை.

அதுவரை கட்டுரையைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் பிள்ளைக்குக் கோபம். போர்டு பேப்பர் திருத்துகிறவனுக்குக் கட்டுக்கட்டாக விடைத்தாள் வரும், காசும் தாளுக்கு இவ்வளவு என்றுதான். நின்று ரசித்துப் படிக்க மாட்டான். "என் பொழுதுபோக்கு" என்றால் பஞ்சாப் முழுக்கத் தோட்டக்கலைதான். ரோஜாச் செடி, காலைக் காற்று, பிறகு இயற்கையைப் பற்றி ஒரு மேற்கோள். எல்லாத் தாளும் வரிக்கு வரி ஒரே மாதிரி. முள் குத்தியவன்கூட ஒருத்தன் கிடையாது! அந்தக் குவியலில் படம் வரைகிற பிள்ளை வந்தால் திருத்துகிறவன் நிமிர்ந்து உட்காருவான். ஆனால் தலைப்பு, அறிமுகம், முடிவு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், ஏதோ கதை அளந்திருக்கிறாள் என்று ஆறைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுப்பான்.

அதனால் மகளின் விஷயத்தை மாற்றச் சொல்லாதீர்கள், உடுப்பை மாற்றச் சொல்லுங்கள். கட்டுரைத் தலைப்பு நடுவில், கட் மார்க்கரில். அறிமுகம் மூன்று வரி. நடுவில் இரண்டு அல்லது மூன்று பத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தலைப்பு. மேற்கோள் இரண்டு போதும், தனி வரியில், நீல மையில் எழுதினால் அதைக் கறுப்பில். மேற்கோளை மட்டும் மனப்பாடம் செய்யட்டும், பொதுவான ஆறேழு இருந்தால் எந்தத் தலைப்புக்கும் ஒட்டும். கல்வி, ஆரோக்கியம், உழைப்பு, நட்பு, நாடு. மேற்கோள் சொன்னவர் பெயர் நிச்சயமாகத் தெரியாவிட்டால் பெயர் போட வேண்டாம். ஷேக்ஸ்பியர் சொல்லாததை எல்லாம் ஷேக்ஸ்பியர் தலையில் கட்டுகிற பழக்கம் இங்கே நிறைய.

பதில் 3: அரசி_கராச்சி

அக்கா, நான் ஆகா கான் போர்டில் (தனியார் தேர்வு வாரியம்) மெட்ரிக் முடித்தவள். எனக்கு இதைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பேப்பரில் ஆடியோ போட்டுக் கேட்டுப் பதில் எழுத வேண்டும், பார்த்திராத பத்தியைத்தான் கேட்பார்கள். ரட்டா போட்டால் அங்கே ஒன்றும் நடக்காது. உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைக்கு அந்த போர்டுதான் சரி. மாற்ற முடியாதா?

பதில் 4: கராச்சி_வாத்தியார்

அரசி, நீ சொல்வது நியாயம்தான் கண்ணு. ஆனால் ஒன்பதாம் வகுப்பு மார்க் லாகூர் போர்டில் ஏறிவிட்டது, மார்ச்சில் பரீட்சை. இப்போது போர்டை மாற்றுவது நடக்கிற காரியமா? அந்த யோசனையை எட்டாம் வகுப்பில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொழும்பு_அம்மா

சேர், மிகவும் நன்றி. தாளை வாங்கி வந்து பார்த்தோம். அப்ஜெக்டிவ் 16. குறுவினா 7. உருதுவுக்கு மொழிபெயர்ப்பு 2. கவிதைச் சுருக்கம் 3. கட்டுரை 6. அயற்கூற்று 3. உருதுவிலிருந்து இங்கிலீஷ் 3. சொல் ஜோடி 4.

இங்கிலீஷ் சரியில்லை என்று நினைத்து அவளை ஒரு அகாடமியில் சேர்த்து இலக்கணம் படிக்க விட்டிருந்தேன். இப்போது பார்த்தால் உருதுவில்தான் போயிருக்கிறது. அயற்கூற்றில் மட்டும் ஏன் குறைந்தது என்று விளங்கவில்லை. அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பதில் 5: கராச்சி_வாத்தியார்

பார்த்தீர்களா, 75ல் அவள் இழந்த 31 மார்க்கில் 11 மொழிபெயர்ப்பு, 9 கட்டுரை. மற்றதெல்லாம் சில்லறை. அந்த அகாடமியை நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

முதலில் பள்ளியில் ஒரு விஷயம் கேளுங்கள். உருதுப் பத்தியை இங்கிலீஷாக்கும் கேள்விக்குக் கீழே பல பேப்பர்களில் மாற்றுக் கேள்வி ஒன்று அச்சாகியிருக்கும். ஏதாவது ஒரு தலைப்பில் இங்கிலீஷில் பத்து வாக்கியம் எழுதச் சொல்வார்கள். அது எல்லாருக்கும் இல்லை. உங்கள் மகள் அதை எழுதலாமா, அவளை எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் நேரில் கேளுங்கள். முடியும் என்றால் அவளுக்கு அந்த எட்டும் கைக்குள். முடியாது என்றால் ஹாலில் போய் அதை எழுதிவைக்கக் கூடாது, ஒரு மார்க்கும் வராது.

உருதுவுக்கு மாற்றுகிற பத்திகள் பாடப்புத்தகத்திலிருந்தே வரும், புதிதாக ஒன்றும் வராது. இரண்டு மாதத்தில் அழகான உருது எழுத வராது, வர வேண்டியதும் இல்லை. தினம் ஒரு பத்தி. மகள் இங்கிலீஷில் வாசித்து, வாயால் உருதுவில் சொல்லட்டும். கடைத்தெருவில் பேசுகிற அதே உருது போதும். சொன்னதை மாடிவீட்டுப் பிள்ளை எழுதிக் காட்டட்டும், அதை மகள் பார்த்து இரண்டு தடவை எழுதட்டும். நீண்ட இங்கிலீஷ் வாக்கியத்தை உருதுவில் இரண்டாக உடைக்கலாம். தெரியாத ஒரு சொல்லுக்காகப் பத்தியையே விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அந்த ஒரு இடத்தில் இங்கிலீஷ் சொல்லையே உருது எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாம், மற்ற வாக்கியங்களுக்கு மார்க் விழும்.

உருதுவிலிருந்து இங்கிலீஷில் அவளுக்கு மூன்றுதான் வந்திருக்கிறது என்றால், பத்தியை வாசித்து முடிக்கவே நேரம் போயிருக்கும். ஒரு பொறி மட்டும் சொல்லிவைக்கிறேன். "வோ தோ கண்டே ஸே கேல் ரஹா ஹை" (அவன் இரண்டு மணி நேரமாக விளையாடிக்கொண்டிருக்கிறான்) என்று வரும். அந்த "ஸே"யைப் பார்த்ததும் பாதிப் பிள்ளைகள் "சின்ஸ் டூ அவர்ஸ்" என்று எழுதிவிடும். இரண்டு மணி நேரம் என்பது கால அளவு, அதற்கு "ஃபார்". காலையிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து என்று ஒரு தொடக்கம் இருந்தால்தான் "சின்ஸ்". உங்கள் மகள் இதில் தப்பு செய்யமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் உருதுவைப் பார்த்துக்கொண்டே எழுதும்போது கை இழுத்துவிடும்.

அயற்கூற்றில் மூன்று வந்த காரணம் எனக்குப் பார்க்காமலே தெரியும். பேசிப் பழகியவர்கள் காதுக்குச் சரியாகப் படுவதை எழுதுவார்கள். திருத்துகிறவனிடம் இருப்பது விதிப்பட்டியல். "ஹி செட் டு மி" என்பது "ஹி டோல்ட் மி" ஆக வேண்டும், "டுமாரோ" என்பது "த நெக்ஸ்ட் டே" ஆக வேண்டும், வேண்டுகோளானால் "ரிக்வெஸ்டட்", கட்டளையானால் "ஆர்டர்ட்". பேச்சில் "ஹி செட் ஹி வுட் கம் டுமாரோ" என்றால் யாரும் தப்பு சொல்லப்போவதில்லை, தாளில் அரை மார்க் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புத்தகத்தில் உள்ள வாக்கியங்களை முடித்தால் ஐந்துக்கு ஐந்து.

குறுவினாவில் மூன்று போனது அதிகம் எழுதியதால் இருக்கும். ஒரு கேள்விக்கு இரண்டு மார்க்தான். இரண்டு வரி, கேள்வியின் சொற்களையே வைத்துப் பதிலைத் தொடங்க வேண்டும். அரைப் பக்கம் எழுதினால் நேரம்தான் போகும். எட்டில் ஐந்து எழுதச் சொன்னால் ஐந்துதான். கவிதைச் சுருக்கத்தை மட்டும், கோபித்துக்கொள்ளாமல், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். புத்தகத்தில் கவிதையே கொஞ்சம்தான், அதற்கு வீம்பு வேண்டாம்.

அரசி_கராச்சி

வாத்தியாரே, இதை எல்லாம் எங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். அக்கா, ரிசல்ட் வந்ததும் ரீசெக்கிங் போடலாம் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். என் மாமா மகன் லாகூரில் போட்டான். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட கேள்வி உண்டா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள், மறுபடி திருத்துவதில்லை.

கொழும்பு_அம்மா

சேர், ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனேன். பதிவு மற்றப் பிள்ளைகளைப் போலவேதான் இருக்கிறதாம், அதனால் மாற்றுக் கேள்வி எழுத முடியாது, உருதுப் பத்திதான். பரவாயில்லை, இப்போதே தெரிந்தது நல்லது.

மாடிவீட்டுப் பிள்ளையிடம் பேசினேன். அவள் தாய் உடனே சரி என்றார். பின்னேரத்தில் அவள் இங்கே வந்து உருது எழுதிக் காட்டுகிறாள், என் மகள் அவளுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குகிறாள். முதல் நாள் இருவரும் மூச்சுவிடாமல் உருதுவிலேயே அரட்டை அடித்தார்கள், இன்று ஒரு பத்தி முடித்தார்கள். கட்டுரையைப் புது உடுப்போடு திரும்ப எழுதியிருக்கிறாள். படம் வரைவதைப் பற்றித்தான், மேற்கோள் இரண்டு. மார்க்கர் வாங்க வேண்டும், எந்த முனை?

கராச்சி_வாத்தியார்

சாய்வாக வெட்டிய முனை. கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று, சிவப்பும் பச்சையும் வேண்டவே வேண்டாம். வாங்கின அன்றே எழுதிப் பழகட்டும், சில தாளில் பின்பக்கம் ஊறும். அப்ஜெக்டிவ் தாளில் வட்டத்தை நிரப்பும்போது ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம் ஆகிவிட்டால் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம், அழித்துத் திருத்துவதற்கும் மார்க் இல்லை. யோசித்துவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரை எழுதியதும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.