பிளஃப் எவ்வளவு அடிக்கிறது? மாட்டின கதை, மாட்டாத கதை

ரிவர் ராசு:
பெங்களூருல எங்க ரூம்ல ஆறு மாசமா சனிக்கிழமை ராத்திரி ஹோல்டெம் போக்கர் ஓடுது: ஆளுக்குக் கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு (அதான் போர்டு). ஆறு பேர். காசு கிடையாது. ஆளுக்கு 5,000 சிப்ஸ், முதல்ல காலியாகிறவன் அத்தனை பேருக்கும் பிரியாணி வாங்கித் தரணும். இந்த ஆறு மாசத்துல பிளஃப் அடிச்சு (கையில ஒண்ணும் இல்லாம இருக்கிற மாதிரி போட்டு மிரட்டி) நான் ஒரு தடவைகூட மாட்டினதில்ல. அதைப் பெருமையா வேற சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

போன வாரம் கையில ரெண்டு எட்டு. ஃப்ளாப் (முதல்ல திறக்கிற மூணு பொதுச் சீட்டு) எட்டு, ராஜா, அஞ்சு. டர்ன்ல (நாலாவது சீட்டு) இன்னொரு ராஜா. மூணு எட்டு, ரெண்டு ராஜா, ஃபுல் ஹவுஸ்! இதுக்குத்தானே ஆறு மாசமா உக்காந்திருக்கேன்? ரிவர்ல (கடைசிச் சீட்டு) பாட், அதாவது நடுவுல சேர்ந்த சிப்ஸ், 2,000 இருந்துச்சு, 1,500 போட்டேன். எதிர்ல இருந்தவன் கையில ஒரு ராஜா இருந்துச்சு, அதாவது மொத்தம் மூணு ராஜா. அதைத் திருப்பி எல்லாருக்கும் காட்டிட்டு மடிச்சுட்டான், அதாவது மேல போடாம விட்டுட்டான். "ஏன்டா?"ன்னு கேட்டா, ரூம்மேட் ஒரு நோட்டை எடுத்து நீட்டறான். எங்க ஒவ்வொருத்தர் பேருக்கும் நேரா ஒரு வரி எழுதி வச்சிருக்கான். எனக்கு நேரா: "ராசு போட்டா ஓடு."

அப்பத்தான் உறைச்சுது. மாட்டாம இருந்தது திறமை இல்ல, நான் பிளஃப்பே அடிக்கல. ஆறு மாசத்துக்கும் சேர்த்து நாலஞ்சு இருந்தாலே பெரிசு. சரி, அப்ப எவ்வளவுதான் அடிக்கணும்? மாட்டினவங்க வந்து சொல்லுங்கப்பா.

மாண்டவிக்கரை:
எனக்கு உங்களுக்கு நேரெதிர் வியாதி தம்பி. 2019ல பனாஜி போயிருந்தப்ப மாண்டவி ஆத்துல நிக்கிற கப்பல் ஒண்ணுல உக்காந்தேன். எதிர்ல ஒரு பெரியவர். ஒரு கையில பக்கோடா, இன்னொரு கையில சிப்ஸ். "கால்"னு (நீ போட்டதுக்குச் சமமாப் போடறேன்னு அர்த்தம்) வாயைத் திறந்துகூடச் சொல்ல மாட்டார், ரெண்டு விரலால சிப்ஸைத் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். அன்னிக்குச் சாயங்காலம் பூரா அவர் ரிவர்ல மடிச்சதை நான் பாக்கவே இல்ல.

அது தெரிஞ்சும் அடிச்சேன் பாருங்க, அதைத்தான் இன்னும் என்னால ஜீரணிக்க முடியல. கையில ரெண்டு ஆட்டின். ஃப்ளாப்ல ரெண்டு ஆட்டின் விழுந்துச்சு, ஃப்ளஷ்ஷுக்கு வேண்டிய அஞ்சாவது ஆட்டின் அப்புறம் வரவே இல்ல. ஃப்ளாப்ல போட்டேன், டர்ன்ல போட்டேன், ரிவர்ல மிச்சம் இருந்ததை மொத்தமா உள்ள தள்ளினேன். பெரியவர் பக்கோடாவைத் தட்டுல வச்சார், விரலைத் துடைச்சார், தள்ளிட்டார். அவர்கிட்ட இருந்தது ஒரு ஜோடி ஒன்பது. போர்டுல ஒன்பதை விடப் பெரிய சீட்டு ரெண்டு கிடந்துச்சு!

கரைக்கு வந்தப்புறம் கூட வந்த நண்பன் ஒண்ணு சொன்னான். எதிராளி மடிக்கணும்னா அவன் கையும் தவறின கையா (எதிர்பாத்த சீட்டு வராம போன கையா) இருக்கணும். அந்த போர்டுல தவறியிருக்கக்கூடிய கை பெரும்பாலும் ஆட்டின். அதுல ரெண்டு என்கிட்டயே இருந்தா, அவன்கிட்ட தவறின கை இருக்க வாய்ப்பு குறைஞ்சு போகுது. அதாவது மடிக்கக்கூடிய கையை எல்லாம் நானே மடியில கட்டி வச்சுக்கிட்டு, அவரை "மடிங்க மடிங்க"ன்னு கெஞ்சியிருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
ராசு, "எவ்வளவு"ங்கிறது நீங்க போடற தொகையைப் பொறுத்தது. பாட் 1,000, நீங்களும் 1,000 போடறீங்க. எதிராளி 1,000 கொடுத்து 2,000 ஜெயிக்கப் பாக்கறான். மூணுல ஒரு தடவை நீங்க பொய் சொன்னா, அவனுக்குக் கால் பண்ணாலும் ஒண்ணுதான், மடிச்சாலும் ஒண்ணுதான். அந்த இடத்துலதான் அவன் தலையைச் சொறிவான். ஆக ரெண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப். பாதி பாட் போட்டா மூணு நல்ல கைக்கு ஒண்ணுதான். சின்னதாப் போட்டுட்டு நிறையப் பொய் சொல்றவன்தான் சீக்கிரம் பிரியாணி வாங்கித் தருவான்.

நான் இதை நொந்துதான் கத்துக்கிட்டேன். போர்டு இஸ்பேடு ராஜா, இஸ்பேடு ஒன்பது, டைமன் நாலு, கிளாவர் ஏழு, ஆட்டின் ரெண்டு. தவறின இஸ்பேடு வந்தா ரிவர்ல அடிச்சே தீருவேன், அது எனக்கு ஒரு வழக்கம். ஒரு நாள் பேப்பர்ல எழுதிப் பாத்தேன். இந்த இடத்துல நான் நிஜமாவே பெரிசாப் போடற கை: ஜோடி ஒன்பது மூணு விதம் (ஒரு ஒன்பது போர்டுல கிடக்குது, மிச்சம் மூணுல ஏதாவது ரெண்டு), ஜோடி ஏழு மூணு, ஜோடி நாலு மூணு, ஒரே ஜாதி ராஜா-ஒன்பது மூணு. மொத்தம் 12. பாட் அளவு போட்டா 6 பிளஃப்தான் தாங்கும். நான் ஆடற தவறின இஸ்பேடு மட்டும் 13 விதம். ரெண்டு மடங்கு! இத்தனை நாளா எதிர்ல இருந்தவங்க கண்ணை மூடிட்டு கால் பண்ணியிருந்தாலே போதும்.

இப்ப கைக்கடிகாரத்துல வினாடி முள்ளைப் பாக்கறேன். முதல் அரை நிமிஷத்துல நின்னா அடிப்பேன், அடுத்த அரையில நின்னா விட்டுடுவேன். மனசுகிட்ட கேட்டா அது எப்பவும் "அடி"ன்னுதான் சொல்லும்.

பிளஃப்னா முகத்தை வச்சு ஏமாத்தறதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு: 2017ல பிட்ஸ்பர்க்ல லிப்ராட்டஸ்னு ஒரு கணினி நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரங்களோட 20 நாள்ல 1,20,000 கை ஆடி ஜெயிச்சுது. பாட்டை விடப் பெரிய பிளஃப் எல்லாம் அடிச்சுது. அதுக்கு முகமே கிடையாது.

மண்டபத்து மாப்பிள்ளை:
போக்கர் நமக்கு அவ்வளவாத் தெரியாது, கல்யாண மண்டபத்து மூணு சீட்டுதான். அதுல சீட்டைப் பாக்காம பிளைண்டு ஆடறவன் போடறதுக்கு ரெண்டு மடங்கு, சீட்டைப் பாத்தவன் போடணும். எங்க மாமனார் விடியக்காலம் மூணு மணி வரைக்கும் பிளைண்டுதான். பாத்தவங்க எல்லாம் சுமாரான சீட்டை வச்சுக்கிட்டு பேக் அடிச்சுட்டுப் போவாங்க.

அவரும் பிளஃப்தான் அடிக்கிறார்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ஒரு தடவை கேட்டேன். "மாப்ள, என்ன சீட்டுன்னு எனக்கே தெரியாது, நான் எங்க பொய் சொன்னேன்?"ன்னார். கணக்குப்பிள்ளை சார் வினாடி முள்ளுன்னு சொன்னதும் அவர் ஞாபகம்தான் வந்துச்சு.

பழைய வீடியோ:
எல்லாரும் கணக்காவே பேசறீங்க. 2003 போக்கர் உலகத் தொடர் கடைசி ஆட்டத்தைப் பாருங்க. லாஸ் வேகாஸ், 839 பேர் ஆடினதுல மிஞ்சினது ரெண்டே பேர். கிறிஸ் மணிமேக்கர், அக்கவுண்டன்ட். எதிர்ல சாமி ஃபார்ஹா, பழம் தின்னு கொட்டை போட்ட ஆள். போர்டு 9, 2, 6, 8, 3. ஃபார்ஹாகிட்ட ராணி-ஒன்பது, அதாவது மேல் ஜோடி. மணிமேக்கர்கிட்ட ராஜா-ஏழு, ஒரு ஜோடிகூடக் கிடையாது. ரிவர்ல மணிமேக்கர் ஆல்-இன், இருந்ததை மொத்தமாத் தள்ளிட்டார். ஃபார்ஹா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு மடிச்சுட்டார். 25 லட்சம் டாலர் பரிசு கடைசியில மணிமேக்கருக்கே.

எனக்குப் பிடிச்சது ரிவர் இல்ல, டர்ன். அங்க அவர் கையில ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையா அஞ்சு சீட்டு) வழி இருந்துச்சு, ஃப்ளஷ்ஷுக்கும் வழி இருந்துச்சு, அந்தத் தெம்புலதான் ரெய்ஸ் பண்ணினார், அதாவது எதிராளி போட்டதுக்கு மேல ஏத்திப் போட்டார். ரிவர்ல அதே கதையைத் தொடர்ந்தார், புதுசா ஒண்ணும் ஜோடிக்கல. பெரும்பாலும் என் பிளஃப் மாட்டினதெல்லாம் ரிவர்ல திடீர்னு முளைச்சதுதான். இன்னொண்ணு, மடிக்கத் தெரிஞ்ச ஆள் எதிர்ல இருந்தார். மாண்டவிக்கரை சாரோட பக்கோடாப் பெரியவர் அந்த நாற்காலியில இருந்திருந்தா அன்னிக்கே மணிமேக்கர் கதை கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும்.

மாண்டவிக்கரை:
காயத்துல உப்பு வைக்காதீங்கய்யா.

ரிவர் ராசு:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ஆடினோம். கைக்கடிகாரம் கட்டிட்டுப் போனேன். நான் அடிக்கடி டைம் பாக்கறதைப் பாத்துட்டு "என்னடா, எங்கயாவது போகணுமா?"ன்னு கேட்டானுங்க.

மூணு பிளஃப் அடிச்சேன். முதல்ல அடிச்சது ஓடிடுச்சு. அடுத்த ரெண்டும் மாட்டிச்சு. ரெண்டாவது தடவை ரூம்மேட் வெறும் ஏஸை வச்சுக்கிட்டு, ஜோடிகூட இல்லாம, கால் பண்ணான். மானம் போச்சு. முதல்ல காலியானதும் நான்தான், பிரியாணி என் செலவு.

சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து பாத்தா நோட்டு திறந்து கிடக்குது. "ஓடு"ங்கிறதை அடிச்சுட்டு, பக்கத்துல பெரிசா ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கான்.