ரா கோப்பைத் திறந்ததும் அரக்குப் புடவை செங்கல் நிறமாகிறது: எந்த மென்பொருள், எந்த புரொஃபைல்?

தாமிரபரணிக்கரை கேட்டது:

வணக்கம். அத்தை மகள் கல்யாணத்தை நிக்கான் டி7500-இல் எடுத்தேன். எல்லாம் என்இஎஃப் (நிக்கானின் ரா கோப்பு, அதாவது சென்சார் தரவை அப்படியே வைத்திருப்பது), 14 பிட். பிக்சர் கன்ட்ரோல் (கேமராவின் நிற, கான்ட்ராஸ்ட் அமைப்பு) ஸ்டாண்டர்டில் இருந்தது. கேமரா திரையில் கூறைப்புடவையின் அரக்கு நிறம் அப்படியே நேரில் பார்த்த மாதிரி. நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டுடியோவிலும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். ஆனால் ராதெரபி, டார்க்டேபிள் என்ற இலவச ரா மென்பொருள்களில் திறந்தால், முதலில் சரியாகத் தெரிந்து, ஒரு நொடியில் மாறிவிடுகிறது. புடவை செங்கல் நிறம், முகம் சோகை பிடித்த மாதிரி, மொத்தப் படமும் கொஞ்சம் இருட்டு.

கோப்பு கெட்டிருக்கிறதா? கேமராவில் அடோபி ஆர்ஜிபி வைத்திருக்க வேண்டுமா? மாதச் சந்தா கட்டும் எண்ணம் இல்லை. அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது?

அரைக்கண் மறுமொழி:

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் ஒரு நொடி தெரிகிறதே, அது ரா அல்ல. ஒவ்வொரு என்இஎஃப்-க்குள்ளும் கேமரா தானே தயாரித்த ஒரு ஜேபெக் ஒளிந்திருக்கும். கேமரா திரையில் நீங்கள் பார்த்ததும் அதுதான். மென்பொருள் அதை முதலில் காட்டிவிட்டு, பின்னால் சென்சார் தரவிலிருந்து தன் கணக்கில் ஒரு படம் செய்து காட்டுகிறது. பிக்சர் கன்ட்ரோல் என்பது சென்சார் தரவைத் தொடாத ஒரு குறிப்பு மட்டுமே. அதைப் படித்து அப்படியே நடக்கத் தெரிந்தது நிக்கானின் சொந்த மென்பொருள். மற்றவர்கள் தங்கள் புரொஃபைலிலிருந்து (சென்சார் எண்களை எந்த நிறமாகக் காட்டுவது என்று சொல்லும் கோப்பு) தொடங்குவார்கள்.

அடோபி ஆர்ஜிபியா எஸ்ஆர்ஜிபியா என்ற நிறவெளி (எவ்வளவு நிறங்கள் அடங்கும் என்ற வரம்பு) அமைப்பும் அந்த ஜேபெக்குக்குத்தான். ராவுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

ஆனால் இருட்டாக இருப்பதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். கேமராவில் ஆக்டிவ் டி-லைட்டிங் என்ற அமைப்பு எதில் இருந்தது?

தாமிரபரணிக்கரை:

ஆட்டோவில் இருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

அரைக்கண்:

அப்போ அதுதான். வெளிச்சமான இடங்கள் வெளுத்துப் போகக்கூடாது என்று கேமரா எக்ஸ்போஷரையே கொஞ்சம் குறைத்து எடுக்கும். பிறகு ஜேபெக் செய்யும்போது நிழல்களைத் தூக்கிவிடும். குறைத்தது ராவில் பதிந்துவிடும், தூக்கியது பதியாது. அதனால் மற்ற மென்பொருள்களில் படம் இருட்டாகத் தெரியும். எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டால் போதும், பெரிய நஷ்டம் இல்லை. இனி ராவில் எடுப்பதானால் அதை அணைத்துவிடுங்கள்.

பழைய_லென்ஸ் மறுமொழி:

மென்பொருள் கேள்விக்கு வருகிறேன். இதில் எல்லோரும் டீநாய்ஸ், மாஸ்க் என்று ஒப்பிடுகிறார்கள். நிறம்தான் உங்கள் தலைவலி என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த மென்பொருள் எந்த வகை கேமரா புரொஃபைலை ஏற்கிறது என்பதைத்தான்.

டார்க்டேபிள் பெரும்பாலும் ஒரு எளிய கலர் மேட்ரிக்ஸோடு (நிறத்தை மாற்றும் ஒரு சிறு எண் அட்டவணை) தொடங்கும். வேண்டுமானால் ஐசிசி கொடுக்கலாம், டிசிபி ஏற்காது (இரண்டும் புரொஃபைல் கோப்பு வகைகள், டிசிபி அடோபியுடையது). ராதெரபி டிசிபியை ஏற்கும், அதிலிருந்து பிரிந்த ஆர்ட்டும் ஏற்கும். காசு கொடுக்கிற பக்கம், கேப்சர் ஒன் தன் சொந்த ஐசிசிகளை நம்பி ஓடுகிறது. லைட்ரூமில் 2018 முதல் அடோபி கலர்தான் இயல்பு, கேமரா ஸ்டாண்டர்ட், கேமரா போர்ட்ரெய்ட் என்று கேமராவைப் போலச் செய்தவையும் உண்டு. அந்த கேமரா மேட்சிங் புரொஃபைல்கள் டிசிபி கோப்புகள்தான். அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரை நிறுவினாலே அவை கணினிக்கு வந்துவிடும். விண்டோஸில் சி டிரைவ், புரோகிராம்டேட்டா, அடோபி, கேமராரா, கேமராபுரொஃபைல்ஸ், அதற்குள் கேமரா, அதற்குள் நிக்கான் டி7500. புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், அதைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ராதெரபியில் கலர் தாவலில் கலர் மேனேஜ்மென்ட் போய், இன்புட் புரொஃபைலில் கஸ்டம் என்று தேர்ந்து, கேமரா ஸ்டாண்டர்ட் டிசிபியைக் காட்டுங்கள். சிவப்பு தன் இடத்துக்கு வரும். சந்தா வேண்டாம் என்பவருக்கு என் ஓட்டு ராதெரபிக்குத்தான்.

இருட்டறை மறுமொழி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கேமராவின் ஜேபெக் மாதிரியே வேண்டும் என்றால் எதற்கு ராவில் எடுக்க வேண்டும்? டார்க்டேபிளில் சிக்மாய்டு (வெளிச்சம், கான்ட்ராஸ்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் கருவி) வைத்து, கலர் கேலிப்ரேஷனில் வெள்ளைச் சமநிலையைச் சரி செய்து, உங்களுக்குப் பிடித்த ஒரு நிறத்தை ஸ்டைலாகச் சேமித்து வையுங்கள். அடுத்த கல்யாணத்துக்கும் உதவும். கேமரா நிறம் என்பதும் யாரோ ஒரு பொறியாளரின் ரசனைதான்.

பழைய_லென்ஸ்:

மலை, கடல், தெரு எடுக்கிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. கல்யாண ஆல்பத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. புடவை எடுத்த பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இது நான் எடுத்த கலரே இல்லையே" என்பார். அவருக்கு ரசனை விளக்கம் சொல்ல முடியுமா?

தாமிரபரணிக்கரை:

சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டிலும் அதே பெரியம்மா உண்டு. டிசிபி போட்டுப் பார்த்தேன். முகம் அருமையாக வந்துவிட்டது. இரண்டு விஷயம் மட்டும் இடிக்கிறது. கான்ட்ராஸ்ட் ஏகத்துக்கும் ஏறி, தலைமுடி கறுப்புக் கட்டியாகிவிட்டது. புடவை முன்பைவிடத் தேவலை, ஆனால் இன்னும் ஆரஞ்சு சாயல் இருக்கிறது.

பழைய_லென்ஸ்:

முதலாவது எளிது. ராதெரபி படத்தைத் திறக்கும்போதே ஆட்டோ மேட்ச்டு கர்வ் போட்டுவிடும். உள்ளே இருக்கும் ஜேபெக்கைப் பார்த்து டோன் கர்வை (வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் தீர்மானிக்கும் வளைவு) அதற்கு ஒத்துப்போகச் செய்கிற வசதி அது. டிசிபிக்குள்ளும் ஒரு டோன் கர்வ் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் தலைமுடி இப்படித்தான் ஆகும். டிசிபியின் கீழே டோன் கர்வ் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பேஸ் டேபிள், லுக் டேபிள் இரண்டும் இருக்கட்டும், நிறம் அவற்றில்தான் இருக்கிறது.

இரண்டாவதுக்கு ஒரு சோதனை. ஒரு படத்தை எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக ஏற்றுமதி செய்து உங்கள் கைபேசியில் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை:

கான்ட்ராஸ்ட் சரியாகிவிட்டது. கைபேசியில் புடவை அரக்காகவே இருக்கிறது! மடிக்கணினியில் மட்டும்தான் ஆரஞ்சு. அப்படியானால் இத்தனை நாள் நான் திருத்தியது?

அரைக்கண்:

உங்கள் மடிக்கணினியின் விவரப் பட்டியலில் 45% என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்ற அளவு) என்று இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அதுதான். எஸ்ஆர்ஜிபி முழுதையும் காட்ட சுமார் 72% வேண்டும். அந்த வகைத் திரையில் ஆழ்ந்த சிவப்பு இல்லவே இல்லை, எதைக் கொடுத்தாலும் ஆரஞ்சு பக்கமாகத்தான் சாயும். கேலிப்ரேட்டர் (திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி) வாங்கி மாட்டினாலும் இல்லாத சிவப்பு வராது, வெள்ளையும் சாம்பலும் மட்டும் நேராகும். எஸ்ஆர்ஜிபி 100% என்று சொல்கிற ஒரு சாதாரண ஐபிஎஸ் மானிட்டரை இணைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் புடவை நிறத்துக்காக ஹியூ ஸ்லைடரைத் தொடாதீர்கள், கைபேசியில் ஒரு கண் வையுங்கள்.

இன்னொன்று. புடவையில் நெசவும் ஜரிகையும் தெரியாமல் சிவப்பு ஒரே அப்பலாக இருந்தால், அது பெரும்பாலும் ராவில் வெளுத்தது அல்ல. எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்காமல் சிவப்பு சேனல் உச்சியில் முட்டுகிறது. சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்கினால் நெசவு திரும்ப வரும். ஆல்பம் அச்சிடுகிறவர் தன் ஐசிசி கொடுத்து வேறு மாதிரி கேட்டால் ஒழிய, எஸ்ஆர்ஜிபியிலேயே கொடுங்கள்.

தாமிரபரணிக்கரை:

பார்த்தேன், அதே 45%தான். மானிட்டர் தேட ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒன்று: வரவேற்பு மேடையில் ஊதா எல்ஈடி விளக்கு போட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் முகங்கள் நீலமாக, ஒட்டு வைத்த மாதிரி இருக்கின்றன. இதற்கும் டிசிபி உண்டா?

இருட்டறை:

இல்லை. அந்த விளக்கில் சிவப்பும் பச்சையும் மிகக் குறைவு. இல்லாத நிறத்தை வெள்ளைச் சமநிலையாலும் கொண்டுவர முடியாது. கேமரா புரொஃபைல்கள் வழக்கமாக பகல் வெளிச்சத்துக்கும் டங்ஸ்டனுக்கும் செய்யப்படுபவை, இந்த மாதிரி நீலம் வந்தால் கணக்கு தடுமாறி எல்லையைத் தாண்டிப் போய்விடும். அந்த ஒட்டு அதனால்தான்.

இங்கே டார்க்டேபிள் கை கொடுக்கும் (பழைய லென்ஸ் கோபிக்க வேண்டாம்). கலர் கேலிப்ரேஷனில் கேமட் கம்ப்ரெஷனை (எல்லை தாண்டிய நிறங்களை உள்ளே இழுக்கும் அமைப்பு) ஏற்றுங்கள், ஒட்டின் விளிம்பு கரையும். முகம் அப்போதும் நீலமாகத்தான் இருக்கும், ஆனால் மேடை விளக்கு என்று பார்க்கிறவருக்குப் புரியும். மிக மோசமானவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள்.

பழைய_லென்ஸ்:

கோபம் இல்லை. அந்தப் படங்களுக்கு நானும் டார்க்டேபிள்தான் திறப்பேன்.