வாத்துக்குஞ்சு அடைப்பில் உமி தினமும் சேறாகிறது, என்ன செய்வது?

திருவாரூர் விவசாயி:
வணக்கம். 40 காக்கி கேம்ப்பெல் குஞ்சுகள் வாங்கி இன்றோடு 9 நாள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தகரம் வளைத்து, உமி பரப்பி, இரண்டு குண்டு பல்பு தொங்கவிட்டிருக்கிறேன். மாலையில் புது உமி போட்டால் காலையில் சேறு. குனிந்தால் கண் எரிகிறது. நேற்று ஒன்று, இன்று ஒன்று இறந்துவிட்டன. இரண்டுக்கும் வயிற்றுப் பக்கம் நனைந்திருந்தது. வெளியே அடைமழை, உமி காயவைக்கவும் வழியில்லை. இரவில் தண்ணீரை எடுத்துவிடலாமா?

ஆரணி அக்கா:
தம்பி, தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். வாத்து ஒரு வாய் தீவனம், ஒரு வாய் தண்ணீர் என்றுதான் தின்னும். தண்ணீர் இல்லாவிட்டால் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்குத் துளை முங்கும் ஆழமும் வேண்டும், அதில்தான் மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும்.

சிந்துகிற தண்ணீர் உமிக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். பல்புக்கு எதிர் மூலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் வையுங்கள். அதன்மேல் மரச்சட்டத்தில் அடித்த அரை அங்குலக் கம்பி வலை. குஞ்சு ஏற ஒரு சாய்ந்த பலகை. 5 லிட்டர் எண்ணெய் கேனில் பக்கவாட்டில் தலை மட்டும் நுழையும்படி ஓட்டை போட்டு வலைமேல் வைத்தால், குடிக்கும், கழுவும், உள்ளே இறங்கி நீந்த முடியாது. தீவனத் தட்டும் அந்த வலை ஓரத்திலேயே இருக்கட்டும். அலகில் ஒட்டிய தீவனத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் வழியில்தான் பாதி அசிங்கமே.

எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து, அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறோம். நான் தனியாகக் குஞ்சு பார்த்த முதல் வருடம் 11 போயிற்று. குளிர் என்று நினைத்துப் பல்பைக் கூட்டினேன், ஈரம் அப்படியே இருந்தது. இந்த வயதில் வெறும் தூவிதான், நனைந்த வயிற்றோடு படுத்தால் எந்த பல்பும் காப்பாற்றாது. அந்தப் பதினொன்றும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

உமியை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கட்டியாக நின்றால் அந்த இடத்தை அள்ளி எறியுங்கள், மேலே புது உமி தூவி மூடாதீர்கள். செய்தித்தாள் விரிக்க வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுவிடும்.

மன்னார்குடி வாசகர்:
உமியோடு கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தால் ஈரத்தை இழுக்குமே?

ஆரணி அக்கா:
குஞ்சு உள்ளே இருக்கும்போது வேண்டாம். நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும், அந்த மெல்லிய பாதச் சவ்வு வெந்துவிடும். அடுத்த ஈடு விடும் முன், நீற்றிய சுண்ணாம்பைத் தரையில் பூசி நன்றாகக் காயவிட்டு உமி போடுங்கள். இன்னொன்று, நனைந்த தீவனத்தை அன்றன்றே கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சுக்குக் கோழியைவிட வாத்து சீக்கிரம் விழும். பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கு கிட்டவே வரக்கூடாது.

திருவாரூர் விவசாயி:
அக்கா, நான்கு நாள் ஆயிற்று. பழைய உமி முழுக்க அள்ளிவிட்டேன். காலையில் பேசினில் ஒரு வாளி அழுக்குத் தண்ணீர், வாழைக்கு ஊற்றுகிறேன். எரிச்சல் வாடை போய்விட்டது. பல்பு மூலை உமி இன்று கையில் உதிர்ந்தது. 38-ம் நன்றாக இருக்கின்றன. பலகை ஏறத் தெரியாமல் இரண்டு நின்றன, கையால் தூக்கிவிட்டேன், இப்போது அவையே ஏறுகின்றன.