தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாசிக்க எந்தக் கிறிஸ்தவப் புத்தகம் சரிவரும்?

மஸ்கெலியா வாசகி:
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் இருந்து ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசிப்போம். வாசிக்கிறது நான், கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழுந்து எடுக்கிற அக்காமார். போன மாதம் நன்றாக விற்கிற ஒரு தமிழாக்கப் புத்தகத்தை எடுத்தோம், பெயர் வேண்டாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு தனியாக இருங்கள் என்று வந்தது. ஒரு அக்கா, "எந்த அறைக் கதவை?" என்றார். அவருக்கு ஒரே காம்பரா, அதாவது ஒரே அறை, ஆறு பேர், இருட்டோடு எழும்பி ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, ஓட வேண்டும். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. இது நமக்கில்லை என்று நினைத்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரே உறுத்தல். அடுத்து எதை எடுக்கலாம்?

ஹட்டன் பெரியவர்:
மகள், ஜோன் பனியன் எழுதிய மோட்சப் பயணம் என்கிற கதையை எடுங்கள், கிறிஸ்தியான் என்கிறவன் மோட்சத்துக்கு நடந்து போகிற கதை. 1678இல் வந்தது, பழைய தமிழாக்கம் கொஞ்சம் கரடுமுரடு, வாசிக்கும்போதே நீங்கள் இலகுவாக்கிச் சொல்லலாம். அந்த மனுஷன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழிலாளி, அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணியதற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்தவர், அதனால் மேலே இருந்துகொண்டு புத்தி சொல்கிற தொனி வராது. கஷ்டமலையில் ஏறுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். கிறிஸ்தியான் முதலில் ஓடுவான், அப்புறம் நடப்பான், கடைசியில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழுவான். இத்தனைக்கும் முதுகுச் சுமை அதற்கு முன்பே சிலுவையடியில் விழுந்துவிட்டது! சுமை போனாலும் மலை அங்கேயேதான் இருக்கிறது என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போகவந்தலாவைக்காரன்:
நாங்கள் கத்தோலிக்கர், வீட்டில் அம்மாவுடைய கிறிஸ்துநாதர் அனுசாரம் என்கிற பழைய பக்திப் புத்தகம் இருக்கிறது. சின்னச் சின்ன அதிகாரங்கள், அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிறதற்குள் ஒன்றை முடிக்கலாம். ஆனால் அது பதினைந்தாம் நூற்றாண்டில் மடத்துச் சந்நியாசிகளை மனதில் வைத்து எழுதியது, ஜனங்களை விட்டு ஒதுங்கியிரு என்று அடிக்கடி வரும். ஒரே பைப்பில் பத்து வீடு தண்ணி பிடிக்கிற இடத்தில் எங்கே ஒதுங்குவது? பார்த்துப் பொறுக்கி வாசியுங்கள்.

பண்டாரவளை அண்ணன்:
தங்கச்சி, புத்தகமே எதற்கு, மாற்கு சுவிசேஷத்தை வாசியுங்கள், பதினாறே அதிகாரம். முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடு எழும்பி வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணுகிறார், அவருக்கும் அறை கிடையாது, அங்கேயும் சீமோன் ஆட்களோடு தேடிப் போய் "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்கிறார். அந்த அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இன்னொன்று, விசுவாசித்தால் வீடு வரும், வாகனம் வரும் என்கிற வகைப் புத்தகங்களைக் கூட்டத்துக்குள் விடவே வேண்டாம், ஏற்கனவே கடனில் இருக்கிறவர்களைக் காணிக்கைக்கும் கடன் வாங்க வைத்துவிடும்.

மஸ்கெலியா வாசகி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கஷ்டமலை வாசித்தோம், வராமல் இருந்த இரண்டு பேரில் ஒருவர் வந்திருந்தார். தோட்டத்தில் அரை நாள் சம்பளத்தை அரைப் பேர் என்போம். கிறிஸ்தியான் பாதி மலையில் நிழலில் தூங்கிப்போய், மோட்ச வாசலில் கொடுக்க வேண்டிய சுருளைத் தவறவிட்டு, மேலே ஏறிய பிறகு திரும்ப இறங்கி வந்து தேடுகிறானே, அந்த இடத்தில் கதவு கேட்ட அதே அக்கா குறுக்கிட்டார்: "போச்சு, அன்றைக்கு அவனுக்கு அரைப் பேர்தான்."