‘ஹாலுசினேஷன்’ தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு,

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான செயற்கை நுண்ணறிவுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹாலுசினேஷன் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மருத்துவத்தில் அது இல்லாததைக் காண்பதும் கேட்பதும்; இங்கே, செயற்கை நுண்ணறிவு இல்லாததை உண்மை போலத் தருவது.

சொல் வரும் இடம்: 2023-இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அவற்றில் ஆறு தீர்ப்புகள் எங்குமே இல்லாதவை. இவை உண்மையா என்று அதனிடமே கேட்டபோது உண்மைதான் என்றிருக்கிறது. அபராதம் 5,000 டாலர்.

‘மாயத்தோற்றம்’ என்றால் கண்ணுக்குத் தெரிவது போலாகிறது. வேறு சொல் தாருங்கள்.

---

ஐயா, ‘மருள்’ இருக்க வேறெங்கும் தேட வேண்டாம். “பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்” என்பது குறள் 351. இதைவிடத் துல்லியமான வரையறையை எந்தக் கணினி அகராதியிலும் காண முடியாது. ‘மருளுரை’ என்று வையுங்கள். மருள், மருட்சி, மருளாடி எல்லாம் ஒரே குடும்பம். மால், மயல், மயக்கம் ஆகியவையும் இதே வேரின் கிளைகள் என்பது என் துணிபு. மாலைப்பொழுது ஏன் மாலையாயிற்று? ஒளியும் இருளும் பிரிக்க முடியாமல் கலக்கும் பொழுது அது. இந்தப் பொறி தரும் விடையிலும் மெய்யும் பொய்யும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன.

---

> பொருளல்ல வற்றைப் பொருளென்று உணரும் மருள்

‘உணரும்’ என்ற சொல்லைப் பாருங்கள் ஐயா. பொறி எதை உணர்ந்தது? அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து அடுக்கியது, அவ்வளவுதான். சரியான விடையும் தவறான விடையும் ஒரே வழியில்தான் பிறக்கின்றன. மொழியியலாளர் எமிலி பெண்டர், செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டிம்னிட் கெப்ரு முதலியோர் 2021-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கிளிக்கு ஒப்பிட்டார்கள். நாம் கிளிப்பிள்ளை என்போமே, அதுதான். மருண்டவர்கள் அந்த வழக்கறிஞர்கள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை என்பது வியப்பு. வியந்து நிற்பது நாம்தான்.

நோய்ப்பெயர் வைத்தால் குற்றம் பொறியின் தலையில் விழும், விற்றவர் தப்பிவிடுவார். கனடாவில் இது நடக்கப் பார்த்தது. ஏர் கனடாவின் அரட்டைப்பொறி ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. அது தனிச் சட்ட ஆள், அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்று நிறுவனம் வாதிட்டது. 2024-இல் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நாம் தரும் சொல் அந்த வாதத்துக்குத் துணைபோகக் கூடாது.

இல்பொருள் உவமையணி எல்லோரும் பள்ளியில் படித்ததுதானே? ‘இல்பொருளுரை’ என் பரிந்துரை. உரையின் தன்மையை மட்டும் சொல்கிறது, பொறிக்கு மனம் இருப்பதாகக் காட்டவில்லை.

---

அம்மா, கருத்து சரி. ஆனால் வகுப்பில் ‘இல்பொருளுரை’ என்றால் பிள்ளைகள் அணியிலக்கணம் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாணவர்கள் இப்போதே “ஏஐ புருடா விடுது சார்” என்கிறார்கள். அதையே வைத்தால் என்ன? புரியாத தூய சொல்லை யாரும் எடுத்தாள மாட்டார்கள்.

இன்னொன்று. கிளி தானாகப் பழகவில்லை. சாட்ஜிபிடிக்காக, கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைந்த கூலியில், கொடூரமான பத்திகளைப் படித்து வகைபிரித்த மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கும் தமிழில் சொல் இல்லை.

---

புருடா விட ஏமாற்றும் எண்ணம் வேண்டும். பொறிக்கு அதுவும் கிடையாது. அந்த வேலைக்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம், அவசியம் பேச வேண்டும்.

---

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து இல்பொருளுரைக்கு நான்கு பேர், மருளுரைக்கு இரண்டு, புருடாவுக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் ‘இல்பொருளுரை, அதாவது இல்லாததை இருப்பதாகத் தரும் உரை’ என்று விரித்து எழுதி அனுப்பிவிட்டேன்.

---

அச்சேறினாலும் எனக்கு உடன்பாடில்லை. ‘உரை’ என்றாலே உரைப்பவர் ஒருவர் வேண்டாமா? அம்மா தடுத்த மனம் அந்த வழியாக உள்ளே வந்துவிட்டது. அடுத்த பதிப்பு எப்போது ஐயா?