தூண்டில்ல கட்டுற ‘குண்டு’: இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?

கழிமுகத்தான்:
வீச்சுவலை விளிம்புல கோக்குறது ஈயக்குண்டு. துப்பாக்கியில போடுறதும் குண்டு, மல்லியில குண்டுமல்லி, ஆளும் குண்டு. எல்லாம் உருண்டைன்னு வச்சுக்கலாம். ஆனா ரோட்டுல ‘குண்டும் குழியும்’னா பள்ளமாச்சே, எப்படி?

கொத்துக்கரண்டி:
சுவர் நேரா ஏறுதான்னு நூல்ல தொங்கவிடுறது தூக்குக்குண்டு. மட்டம் பார்க்குற ரசமட்டக் கருவி கீழ விழுந்தா பொய் சொல்லும், இது சொல்லாது. பள்ளம் பத்தித் தெரியல.

பழஞ்சுவடி:
குண்டுன்னா ஆழம்னும் பொருள் உண்டு. சங்கப் பாட்டுல வர்ற ‘குண்டு சுனை’ ஆழமான சுனை, உருண்டைச் சுனை இல்ல. ரோட்டுப் பள்ளம் இந்தக் கணக்கு. உருண்டைக் குண்டும் ஆழக் குண்டும் ஒரே வேர்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். குண்டுமணியை மட்டும் இதுல சேர்த்துடாதீங்க, அது குன்றிமணி திரிஞ்சது. தட்டார் பொன் நிறுத்த விதை.

கப்பக்காரன்:
அந்தக் காலத்துக் கப்பல்ல ஆழம் பார்த்ததும் ஈயக்குண்டாலதான். அடியில சின்னக் குழி இருக்கும். அதுல கொழுப்பை அப்பி இறக்குவாங்க. தரை மணலா, சிப்பியான்னு ஒட்டிக்கிட்டு மேல வந்துரும். இங்கிலீஷ்ல பிளம்பர்கூட ஈயத்துக்கான லத்தீன் ‘பிளம்பம்’ வழி வந்த ஆள்தான்.

கழிமுகத்தான்:
குன்றிமணி சேதி எனக்குப் புதுசு. ஈயத்தைப் பல்லால கடிச்சு நூல்ல நெரிக்கிறவங்க ஒரு குறடு வாங்கிக்குங்கப்பா, ஈயம் விஷம்.