மீள்: லொறி எஞ்சினின் தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பவாயில்’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நடுத்தர டீசல் லொறிகளின் குளிரூட்டும் தொகுதியைப் பற்றிய தமிழ்ப் பயிற்சிக் குறிப்பில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்திருக்கின்றன: வெப்பநிலைநிறுத்தி, வெப்பச்சீராக்கி, தெர்மோஸ்டாட் என்றே விட்டுவிடுதல். மூன்றாவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. முதலிரண்டும் பயிலுநரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் என்பதால் ‘வெப்பவாயில்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘நிறுத்தி’ என்ற ஈறு துணி தேய்க்கும் மின் அழுத்திக்குப் பொருந்தும். அங்கே குறித்த சூடு வந்ததும் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. லொறி எஞ்சினில் எதுவும் நிற்பதில்லை. தெர்மோஸ்டாட்டின் நடுவே மெழுகு அடைத்த சிறு குப்பி இருக்கிறது. சுற்றியுள்ள கூலன்ட் சூடேறும்போது அந்த மெழுகு உருகி விரிந்து, சுருள்வில்லின் விசையை மீறித் தட்டைத் தள்ளி, ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கிறது. 82 பாகை செல்சியசில் திறக்கத் தொடங்கும் ஒன்று ஏறத்தாழ 95 பாகையில் முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல் அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தாலோ விசிறியை எஞ்சினோடு இணைக்கும் கிளச் வழுக்கினாலோ சூடு ஏறிக்கொண்டேதான் போகும். அந்த நிலையில் ‘நிறுத்தி’ என்ற பெயரை நம்பிப் புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கிப் போட்டு யாருக்கும் பயனில்லை.

என் முன்மொழிவுக்கு முதன்மையான காரணம் வேறு. பல டீசல் எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் கீழ்ப்புறம் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் ஒரு குறுக்குவழியாக நீர்ப்பம்பிக்கே திரும்புகிறது. மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும் அதே அசைவில், கீழ்த்தட்டு இந்தக் குறுக்குவழியை மூடுகிறது. கொழும்பில் பல கராஜ்களில் “இது சூடான நாடு, இதெல்லாம் தேவையில்லை” என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சுமையேற்றிய லொறி, கொழும்பு–கண்டி வீதியிலுள்ள கடுகண்ணாவை ஏற்றத்தில் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். சுமையில்லாத ஓட்டத்திலோ எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல், எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, தேய்மானத்தைக் கூட்டும். வெளிக்காற்று 32 பாகையாக இருக்கும் ஊரிலும் 82 பாகையை எட்டுவதற்கு எஞ்சினுக்கு இந்தப் பாகம் வேண்டும். ‘சீராக்கி’ என்ற சொல்லைப் படிப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. ‘வாயில்’ என்றால், எந்த வழியைத் திறக்கிறது, எந்த வழியை மூடுகிறது என்று அவர் கேட்பார், அந்தக் கேள்வியே பாடத்துக்குள் நுழையும் வழி.

கடையில் பாகத்தைத் தெரிவுசெய்யும்போதும் இதே பார்வை உதவும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழையதைக் கையில் கொண்டுபோய் விட்டத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர்கள் பலர். விட்டம் ஒன்றாக இருந்து கீழ்த்தட்டு எட்டும் ஆழம் குறைவாக இருந்தால், வாயில் திறந்தபின்னும் குறுக்குவழி மூடப்படாது. ஆகவே, பொறித்திருக்கும் திறப்பு வெப்பநிலை, விட்டம், கீழ்த்தட்டு வரையான உயரம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். பொருத்துமுன் வெப்பமானியுடன் நீரில் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியில் படாதபடி சூடாக்கி, எந்தப் பாகையில் திறக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பது நல்லது. விளிம்பிலுள்ள காற்றுத்துளை, எஞ்சினில் மேற்புறமாக வரும்படி இருத்தி, கேஸ்கட்டையும் புதிதாக இட வேண்டும்.

‘வாயில்’ என்பது கணினியின் தருக்கச் சுற்றுகளுக்குரிய (logic gate) சொல் என்று சென்னை நண்பர் எழுப்பிய ஐயம் இங்கு எழாது. இலங்கைப் பாடநூல்கள் அதைத் ‘தர்க்கப் படலை’ என்கின்றன; படலை என்றால் வேலியின் வாயிற்கதவு. ‘வெப்பப்படலை’ என்று வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணமும் எனக்கு வந்தது, யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது இனிமையாகவும் இருக்கும். ஆனால் தமிழகத்து வாசகர் பலருக்குப் படலை பழக்கமில்லாத சொல்லாதலால் விட்டுவிட்டேன்.

குறிப்பின் மற்றச் சொற்களில், ரேடியேட்டருக்குக் ‘கதிர்வீசி’ என்ற பெயர் வேண்டாம். அதன் வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீச்சால் அல்ல, இதழ்களின் ஊடே பாயும் காற்றால்தான் வெளியேறுகிறது. எல்லோரும் அறிந்த ரேடியேட்டரே இருக்கட்டும். ரேடியேட்டரின் மூடிக்கு ‘அழுத்த மூடி’ என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன், ஏனெனில் அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதே அதன் பயன் என்பதைச் சொல் நேராகக் காட்டுகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்; 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். வெறும் நீர் ஊற்றி, ரப்பர் வளையம் இறுகிப்போன பழைய மூடியுடன் அங்கே ஏறும் லொறியில், வெப்பவாயில் முழுதாகத் திறக்குமுன்பே நீர் கொதித்து வெளியேறத் தொடங்கிவிடும். மூடியை மாற்றும்போது அதில் குறித்துள்ள அழுத்த அளவு பழையதினதோடு ஒத்திருக்க வேண்டும் என்ற வரியை, வெப்பவாயில் பாடத்துக்கு அடுத்தே சேர்க்கலாம்.

மறுப்பில்லையெனில், ‘வெப்பவாயில்’ என்று ஒரே சொல்லாக எழுதி, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பவாயில்’ என்று தரவும், அதன் கூட்டை ‘வெப்பவாயில் உறை’ என்று குறிக்கவும் உங்கள் இசைவைக் கோருகிறேன்.

நன்றியுடன்,
கொழும்பிலிருந்து